ஆத்தா கேட்ட ஒரு முத்து

திண்டுக்கல்
21-1-1963

அன்புள்ள அக்காவுக்குப் பொன்னழகு எழுதுவது.

கார்டில் எழுதினால் தபால்காரரும் டீக்கடைக்காரரும் படித்து முடித்த பிறகுதான் உன் கைக்கு வரும். அதனால் கவரில் எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

எனக்கு மறுபடியும் சர்க்கார் நாடகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. போன வருஷம் எருக்குழி வெட்டச் சொல்லிப் போட்ட நாடகத்தில் நான் பூமாதேவி. தீபாவளிக்கு முன்னால் சிறுசேமிப்பு நாடகத்தில் மகாலட்சுமி. தபாலாபீசில் பணம் போடுங்கள் என்று காகிதத் தாமரையில் நின்று பாடினேன், தாமரை கிழிந்து கால் உள்ளே போய்விட்டது. இப்போது பெரியம்மை வராமல் இருக்கக் கையில் கீறி மருந்து வைக்கிறார்களே, அந்த அம்மை குத்தலுக்கு நாடகம். "நாடகக்காரங்களுக்கும் ஐந்தாண்டுத் திட்டத்துல ஒரு பங்கு இருக்கும்மா" என்கிறார் எங்கள் விளம்பர ஆபீசர். நல்ல மனுஷன்தான். கிராமத்தை ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தவர்.

கதை மெட்ராஸில் எழுதி வந்தது. டாக்டர் நல்லவர், மாரியம்மன் கோயில் பூசாரி கெட்டவன். முதல் ஆட்டத்தில் பூசாரி வேஷம் கட்டிய சோலைமுத்து அண்ணன் அசட்டுத்தனமாக வேப்பிலையை ஆட்டினதும் மேடைமேல் மண் வந்து விழுந்தது. ஆர்மோனியம் வாசிக்கும் நைனா முகமது வாத்தியார் பெட்டியைத் துண்டால் மூடிக்கொண்டு குனிந்துவிட்டார். ஒருத்தர்கூடக் குத்திக்கொள்ள வரவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் கவருக்குக் காரணம். அம்மை குத்துகிறவர்கள் உங்கள் மேட்டுக்களத்துக்கும் வருவார்கள். வந்தால் உன்னிடம் இருக்கிற என் சின்னக்கண்ணை எங்காவது ஒளித்து வை. என் மூத்தவனுக்குக் குத்தின வாரத்திலேயே காய்ச்சல் கண்டு மடியிலேயே போனது உனக்குத் தெரியும். அது குத்தினதால் இல்லை, வேற காய்ச்சல் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஊசியைப் பார்த்தாலே நான் எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறேன். அவள் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு என்று இருப்பது அவள் ஒருத்திதான்.

உன் தங்கை
பொன்னழகு

மேட்டுக்களம், சாணார்பட்டி வழி
28-1-1963

பொன்னழகுக்கு அய்யம்மாள் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். கனகாம்பரம் விலை படுத்துவிட்டது. உன் மச்சான் தினமும் திண்டுக்கல் பூச்சந்தைக்குப் போய்விட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறார்.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். போடுவதற்கு முன்னால் நாலு தடவை படித்தேன். ஊரெல்லாம் பிள்ளைகளுக்குக் குத்திக்கொள்ளுங்கள் என்று பவுடர் பூசிக்கொண்டு பாடுகிறவள், தன் பிள்ளையை மட்டும் ஒளித்து வை என்கிறாய். உனக்கு வெட்கமாக இல்லையா? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் ஒளித்துத்தான் வைத்தேன். சாகுல் ஹமீது என்று ஒருத்தர் தோல்பையோடு சைக்கிளில் வந்தார். ஊரே தோட்டத்துக்குள் ஓடிவிட்டது. சின்னக்கண்ணை அடுக்கி வைத்த சோளத்தட்டைப் படப்புக்குப் பின்னால் உட்கார வைத்தேன். அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். சேக்காளி பேச்சியும் கூடவே ஒளிந்துகொண்டாள். பேச்சி யார் என்று கேட்பாய், அடுத்த தெரு வீரணன் மகள். இரண்டும் ஒட்டிப் பிறந்ததுபோலத்தான் திரிகிறதுகள்.

நாங்கள் குத்திக்கொள்ளாததற்குக் காரணம் வேறே. மாரியாத்தா வருகிற மாதத்தில் ஆத்தாவை வராதே என்று சொல்லி ஊசியால் குத்துவது தப்பு. பயப்படுகிற இடத்தில் பயப்படத்தான் வேண்டும். உனக்கு அது கிடையாது, சின்னதிலிருந்தே.

அய்யம்மாள்

கன்னிவாடி
9-2-1963

அன்புள்ள அக்கா,

எனக்குப் பயம் கிடையாது என்று எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தின் எழுத்தைப் பார், கோழி கிளறியதுபோல இருக்கிறது. 

மூன்று ஊரில் விரட்டி அடித்த பிறகு நைனா முகமது வாத்தியார் சொன்னார்: "தங்கச்சி, இவங்க சர்க்காருக்குப் பயப்படல, டாக்டருக்குப் பயப்படல. அவங்க ஆத்தாளுக்குத்தான் பயப்படுறாக. அப்ப ஆத்தாளையே வரச் சொல்லு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூமாதேவி வேறு, மகாலட்சுமி வேறு. அவர்கள் காலண்டரில் இருக்கிறவர்கள். மாரியாத்தா வீட்டுக்குள் வருகிறவள்.

கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கையில் காப்புக் கட்டிக்கொண்டேன். ஒரு வேளைச் சாப்பாடு, வெறும் தரை. நேற்று இங்கே செவ்வாடை கட்டி, முகம் முழுக்க மஞ்சள் பூசி, வேப்பங்கொத்தோடு மேடைக்குப் போனேன். கூட்டம் சிரிப்பை நிறுத்தியது. வாத்தியார் எழுதிக் கொடுத்த வசனம் மறந்துபோச்சு. வாயில் வந்ததைச் சொன்னேன்: "எம் பிள்ளைகளா, உடம்பெல்லாம் முத்துப் போட்டு நான் ஆடுன காலம் போதும். இனிமே எனக்கு ஒரு முத்து போதும். கையில ஒரே ஒரு முத்து. அதை வாங்க நானே அந்த ஊசிக்காரன் கையில வாரேன்."

குத்தின இடத்தில் ஒரு கொப்புளம் வருமே, அதைத்தான் முத்து என்று சொன்னேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். காலையில் சாகுல் ஹமீது அண்ணன் முன்னால் வரிசை சந்தை வரைக்கும் நின்றது. ஆபீசர் ஓடி ஓடிக் கைதட்டினார்.

ஆனால் அக்கா, மேடையை விட்டு இறங்கினதும் ஒரு பெண் தன் கைப்பிள்ளையை என் காலடியில் போட்டுவிட்டுக் கும்பிட்டாள். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. நான் என்ன செய்வேன்? எடுத்துக் கொடுத்தேன். அவள் நம்பிப் போய்விட்டாள். நான்தான் தூங்கவில்லை.

பொன்னழகு

மேட்டுக்களம்
14-2-1963

பொன்னழகு,

கடிதத்தை உன் மச்சானுக்கும் படித்துக் காட்டினேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

சம்பளத்துக்கு ஆத்தா வேஷமா? சர்க்கார் சொன்னால் நாளைக்கு எந்தச் சாமியை வேண்டுமானாலும் கட்டுவாயா? வயலுக்கு உரம் போட ஒரு சாமி, தபாலாபீசுக்கு ஒரு சாமி, இப்போது ஊசிக்கு ஒரு சாமி. கூலிக்குப் போகிற சாமியை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஆத்தா சொல்லாததை ஆத்தா சொன்னதாகச் சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்டுத் தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார்கள். ஆத்தா கோபித்தால் இது யார் தலையில் விடியும் என்று யோசித்தாயா? உன் தலையில் விடிந்தால் போகட்டும் என்று விடுவேன். உன் பிள்ளை என் வீட்டில் படுத்திருக்கிறது. அது தூங்கும்போது நான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

அடுத்து சாணார்பட்டியில் ஆட்டம் என்று தண்டோராப் போட்டிருக்கிறார்கள். நான் வர மாட்டேன். அந்த வேஷத்தோடு நீயும் இங்கே வராதே.

அய்யம்மாள்

வத்தலக்குண்டு
2-3-1963

அக்கா,

வர மாட்டேன் என்று எழுதினாய். சாணார்பட்டியில் கடைசி வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு, இடுப்பில் என் மகளை வைத்துக்கொண்டு நின்றது யார்? முகத்தை மறைக்கலாம், நீ நிற்கிற நிலையை மறைக்க முடியுமா? ஆட்டம் முடிந்து ஓடி வந்தேன். நீ போய்விட்டாய். கோபமா, பயமா என்று தெரியவில்லை. எதுவானாலும் வந்தாயே, அது போதும்.

அம்மன் வருகிற ஆட்டத்தையே இனி எல்லா ஊரிலும் போடச் சொல்லி ஆபீசர் உத்தரவு போட்டுவிட்டார். மேலதிகாரிகள் பாராட்டினார்களாம். "மக்கள் கலை மக்கள் நலத்துக்குன்னு நான் சொன்னேனே" என்று தானே எழுதினதுபோலச் சொல்லிக்கொள்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

நேற்று இங்கே பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டது. வேஷம் கலைத்திருந்தும் கண்டுகொண்டது. "தாயி, உனக்குப் பிள்ளைகுட்டி உண்டா?" என்றது. ஒரு மகள் என்றேன். "அதுக்குக் குத்தியாச்சா?" என்றது. ஆச்சு என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா சந்தோஷமாகக் கொஞ்சம் மல்லி நறுக்கிக் கொடுத்தது. வாங்கித் தலையில் வைக்க முடியவில்லை, பையில் போட்டுக்கொண்டேன்.

இத்தனை ஊர்ப் பிள்ளைகளின் கையைக் கேட்டவள், என் பிள்ளையின் கையை மட்டும் மறைத்துக்கொண்டு நிற்கிறேன். பொய் சொன்னால் ஆத்தா கோபிப்பாள் என்றாய். அப்படியானால் இந்தப் பொய்க்குத்தான் கோபிப்பாள். சின்னக்கண்ணுக்குக் குத்திவிடு அக்கா. எனக்குப் பயம் போகவில்லை, அவள் அண்ணன் முகம்தான் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் குத்திவிடு. சாகுல் ஹமீது அண்ணன் இந்த வாரம் உங்கள் பக்கம் வருகிறார்.

பொன்னழகு

மேட்டுக்களம்
9-3-1963

என் தங்கம் பொன்னழகுக்கு,

ஆமாம், வந்தேன். வேப்பிலைக்கொத்தோடு நீ மேடைக்கு வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் வந்தேன், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் நிற்காமல் வந்துவிட்டேன். சின்னக்கண்ணு உன்னைக் கண்டு பயந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அது அம்மாதான் என்று சொன்னேன், நம்பவில்லை.

சாகுல் ஹமீது வந்தார். இந்தத் தடவை யாரும் ஓடவில்லை. ஊரே கூடி நின்று குத்திக்கொண்டது. பேச்சி கொஞ்சம் அழுதாள், நம் பிள்ளை அழவே இல்லை. ஆத்தா ஒரு முத்துக் கேட்டு நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவோமா? அவர் சைக்கிளைத் திருப்புவதற்குள் பெண்கள் அம்மியில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்துவிட்டோம். குத்தின இடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கனமாக அப்பி, வேப்பிலைத் தண்ணீரில் கழுவி, மறுபடியும் அப்பினோம். வீட்டில் தாளிக்கவில்லை. உன் மச்சான் தொட்டுக்கொள்ள வெஞ்சனம்கூட இல்லாமல் கூழ் குடித்துவிட்டுப் பூச்சந்தைக்குப் போய்விட்டார்.

உனக்கு நல்ல செய்தி சொல்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. கையில் ஒரு சிவப்புக்கூட இல்லை. ஊரில் ஒருத்தருக்கும் இல்லை. ஆத்தா அம்புட்டு குளிர்ந்துவிட்டாள். உன்னைக் கண்டபடி எழுதிவிட்டேன், மனசில் வைக்காதே. உன் வாயால்தான் அவள் பேசியிருக்கிறாள்.

உன் அக்கா
அய்யம்மாள்

திண்டுக்கல்
20-3-1963

அக்கா,

இதை நின்றபடியே எழுதுகிறேன். பூச்சந்தையில் மச்சானைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுக்கப் போகிறேன். தபாலை நம்ப முடியாது.

உன் கடிதம் வந்தபோது சந்தோஷத்தில் அழுதேன். முட்டாள் நான். சிவப்புக்கூட இல்லை என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கோயிலில் சூடம் கொளுத்தினேன்.

நேற்று சாகுல் ஹமீது அண்ணன் வந்தார். குத்திவிட்டுப் பிறகு ஒரு தடவை போய்க் கையைப் பார்ப்பார்கள். கொப்புளம் வந்திருந்தால்தான் மருந்து பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வரவில்லை என்றால் குத்தாததும் ஒன்று, குத்தியதும் ஒன்று. அவர் நாங்கள் ஆடின ஊர்களுக்கு வரிசையாகப் போயிருக்கிறார். "தங்கச்சி, ஒரு ஊர்லகூட சரியா புடிக்கல. எல்லாக் கையும் வழுவழுன்னு இருக்கு. நான் கீறி மருந்து வெக்கிறேன், நான் திரும்புனதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வழிச்சுத் தொடைச்சுடுறாக. கேட்டா, முத்து வாங்க வந்த ஆத்தாளுக்கு மரியாதைங்கிறாக" என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

நான் ஆத்தா வாயால் அதை முத்து என்று சொன்னேன். முத்துக்கு என்ன செய்வது வழக்கமோ அதை ஜனங்கள் செய்துவிட்டார்கள். கன்னிவாடியிலிருந்து சாணார்பட்டி வரை, நான் கும்பிடு வாங்கின ஊர் அத்தனையிலும் பிள்ளைகள் ஒரு காவலும் இல்லாமல் இருக்கிறார்கள். குத்தியாச்சு என்று தைரியமாக வேறு இருக்கிறார்கள். முன்னாலாவது பயந்துகொண்டிருந்தார்கள்.

ஆபீசரிடம் ஓடினேன். நாடகத்தை நிறுத்திவிட்டார். "அங்கீகரிச்ச கதையில அம்மன் பாத்திரமே இல்லையேம்மா, நீங்களா சேர்த்தது" என்கிறார். கன்னிவாடியில் கைதட்டிய அதே கை மேஜைமேல் தாளம் தட்டிக்கொண்டிருந்தது.

சாகுல் ஹமீது அண்ணன் நாளையே மேட்டுக்களம் வருகிறார். சின்னக்கண்ணுக்கும் பேச்சிக்கும் எல்லாருக்கும் மறுபடி குத்த வேண்டும். குத்தின இடத்தில் மஞ்சள் படக் கூடாது. வேப்பிலை, சாணி, தண்ணீர், எதுவும் கூடாது. உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

பொன்னழகு

மேட்டுக்களம்
22-3-1963

பொன்னழகு,

நீ எழுதியது கைக்கு வந்தது. ஆனால் இங்கே நிலைமை மாறிவிட்டது.

வீரணன் வைகைப் பக்கம் மண்வேலைக்குப் போனவன் காய்ச்சலோடு திரும்பி வந்து வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறான். ஆத்தா வந்திருக்கிறாள் என்று அவர்கள் வெளியே சொல்லவில்லை. அவன் தேறிவிட்டான். நேற்றுக் காலையில் பேச்சிக்கு முகத்தில் முத்துப் போட்டுவிட்டது. முந்தாநாள் சாயங்காலம் வரைக்கும் அவளும் நம் பிள்ளையும் ஒரே தட்டில் அவித்த கடலை தின்றார்கள். என் கண் முன்னால் தின்றார்கள்.

ஊரைச் சுற்றி வேப்பிலைக் கயிறு கட்டியாகிவிட்டது. வெளியாள் உள்ளே வரக் கூடாது, உள்ளே இருக்கிறவர்கள் வெளியே போகக் கூடாது. ஆத்தா ஊருக்குள் இருக்கும்போது துணி தைக்கிற ஊசியைக்கூட எடுக்க மாட்டோம், உனக்குத் தெரியாததா? சாகுல் ஹமீது வந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சினார். காவலுக்கு நின்ற ஆட்கள், "ஆத்தா ஒரு முத்துன்னு சொன்னா. இப்ப முகமெல்லாம் போட்டுட்டா. உன் ஊசி பட்டுத்தான் அவளுக்குக் கோவம்" என்று கம்பைத் தூக்கினார்கள். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. திறந்தால், சர்க்கார் நாடகக்காரியின் அக்காதானே என்பார்கள்.

பூ எல்லாம் செடியிலேயே வாடுகிறது. நம் ஊர்ப் பூவை யாரும் தொட மாட்டார்கள். இந்தக் கடிதத்தை உன் மச்சான் கயிற்றை ஒட்டி ரோட்டோரம் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார், பஸ் கண்டக்டர் இரக்கப்பட்டால் எடுத்துக்கொள்வார்.

சின்னக்கண்ணு நன்றாகத்தான் இருக்கிறாள். பேச்சி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுகிறாள். சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் பார்க்கிறேன். எறும்பு கடித்த தடிப்பைப் பார்த்துவிட்டு இன்று காலையில் செத்துப் பிழைத்தேன். உன் மூத்தவனைப் பறிகொடுத்த மாதிரி இவளையும் கொடுத்துவிடுவோமோ என்று ராத்திரியெல்லாம் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்யட்டும் சொல். நீ மட்டும் வராதே.

அய்யம்மாள்

திண்டுக்கல்
24-3-1963

அக்கா,

நாளைக்கு வருகிறேன். இதை அதே பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், அந்தக் கல்லுக்கு அடியில் வைப்பார்.

பொன்னழகாக வந்தால் கயிற்றைத் தாண்ட விட மாட்டார்கள். அதனால் ஆத்தாவாகத்தான் வர வேண்டும். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு வழி இல்லை. ஆத்தா சொன்னதை ஆத்தாதான் மாற்றிச் சொல்ல முடியும். சர்க்கார் மாற்றிச் சொன்னால் கம்பைத் தூக்குவார்கள்.

எனக்கு எவ்வளவு பயம் என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. மேடை என்றால் அது மேடை. பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஆர்மோனியம், பின்னால் படுதா, கூட்டத்தில் பாதிப் பேருக்கு நான் கூலிக்கு வந்தவள் என்று தெரியும். நாளைக்கு அது எதுவும் இல்லை. ஆத்தா உண்மையிலேயே வந்திருக்கிற ஊருக்குள், அவள் வேஷத்தைக் கட்டிக்கொண்டு பட்டப்பகலில் நடந்து போக வேண்டும். நீ சொன்னதுபோல அவள் கோபிக்கிறவளாக இருந்தால், நான் கயிற்றைத் தாண்டுகிற அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிடும். ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டால் கல்லால் அடிப்பார்கள். இரண்டில் எது முதலில் என்று தெரியவில்லை.

ஆபீசரிடம் சொல்லவில்லை. சொன்னால் கூடாது என்பார். நைனா முகமது வாத்தியார், "எல்லை வரைக்கும் நான் வாரேன் தங்கச்சி, அதுக்கு அங்கிட்டு நான் வந்தா ஆர்மோனியக்காரன்னு கண்டுக்குவாக, உனக்குத்தான் ஆபத்து" என்றார். சாகுல் ஹமீது அண்ணன் என்னோடு உள்ளே வருகிறார். அவருக்கும் பயம்தான். வீட்டில் நாலு பிள்ளைகள்.

நீ என்னைத் தெரிந்ததாகக் காட்டாதே. கும்பிடு, எல்லாரும் செய்வதைச் செய். சின்னக்கண்ணை முன்னால் கொண்டு வா. அவள் என்னை அம்மா என்று கண்டுகொண்டு ஓடி வந்தால் காரியம் கெட்டுவிடும். அவள் என்னைக் கண்டு பயந்தால்தான் நல்லது. பெற்றவள் இப்படி வேண்டிக்கொள்ள நேர்ந்ததே என்றுதான் இருக்கிறது.

பொன்னழகு

மேட்டுக்களம்
8-4-1963

பொன்னழகுக்கு,

முதலில் நீ தேடுவதைச் சொல்லிவிடுகிறேன். சின்னக்கண்ணு பிழைத்தாள். கையில் ஒரு முத்து. நடுவில் குழி விழுந்து, சுற்றிச் சிவந்து, சாகுல் ஹமீது சொன்னதுபோலவே வந்தது. ஒரு நாள் காய்ச்சல் அடித்தது. உடம்பில் வேறு எங்கேயும் ஒன்றும் இல்லை. நான் தலைமுடிக்குள்கூடத் தேடிவிட்டேன். ஊரில் மற்றப் பிள்ளைகளுக்கும் அப்படியே. யாரும் மஞ்சளைத் தொடவில்லை. தொடுவதற்குப் பயந்தார்கள்.

பேச்சி போய்விட்டாள். முன்னால் மஞ்சளைக் குழைத்து அவள் கையில் அப்பியது நான்தான். அவள் அம்மா என்னைப் பார்த்து அழும்போது என்னால் நிமிர முடியவில்லை. சின்னக்கண்ணு, பேச்சி எங்கே என்று கேட்கிறாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நடந்ததை நான் உன்னிடம் கேட்டே ஆக வேண்டும். உச்சி வெயிலில் கண்மாய்க் கரைமேல் நீ வந்தாய். மேளம் இல்லை, குலவை இல்லை. சாகுல் ஹமீது ஒரு அடி பின்னால் வந்தார். கயிற்றருகில் நின்றவர்கள், "யாரு தாயி நீ?" என்றார்கள். கயிற்றை நீயே தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, வேப்பமரத்தடியில் நின்று, உன் கையை அவரிடம் நீட்டினாய். அவர் முதலில் உன் கையில்தான் கீறினார். மஞ்சள் பூசின கையில் ரத்தம் வந்ததைப் பார்த்ததும் கம்போடு நின்றவர்கள் அப்படியே தரையில் விழுந்தார்கள். நானும் விழுந்தேன். நீ கும்பிடச் சொன்னதால் இல்லை, என்னை அறியாமலே விழுந்தேன்.

"எம் முத்தை ஒருத்தரும் தொடக் கூடாது. மஞ்ச வேணாம், இலை வேணாம், தண்ணி வேணாம். நானா வருவேன், நானா எறங்குவேன்" என்றாய். அது உன் குரல் இல்லை. உனக்குத் தலைவாரிவிட்டவள் நான், உன் குரல் எனக்குத் தெரியும். பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னாய். சின்னக்கண்ணு அலறினாள். நீ அவளை இழுத்துப் பிடித்தபோது உன் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். நீ கண்கூட இமைக்கவில்லை. கடித்த பிடி விடாமல் இருக்கும்போதே சாகுல் ஹமீது அவளுக்குக் குத்தி முடித்துவிட்டார். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய்.

நீ நின்ற இடத்தில் கல் நட வேண்டும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பிள்ளைக்கு அந்த மரத்துப் பக்கம் போகப் பயம். தூக்கத்தில், "அந்தச் சாமி வருது" என்று எழுந்து உட்காருகிறாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். சொல்லு பொன்னழகு, அன்றைக்கு வந்தது நீதானா?

அய்யம்மாள்

திண்டுக்கல்
11-4-1963

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தின் முதல் பாராவைப் படித்துவிட்டு அதற்கு மேல் ஒரு நாள் முழுக்கப் படிக்கவில்லை. அந்த ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டேன், சிரித்தேன், வாத்தியாரைக் கிண்டல்கூடச் செய்தேன். மறுநாள்தான் பேச்சி விஷயத்துக்கு வந்தேன். நீ தலை குனியாதே. அப்பியது உன் கை. அப்பச் சொன்னது என் வாய். அவள் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று தெரியவில்லை. ஆனால் வந்து எதிரில் உட்காருவேன்.

ஆபீசர் கூப்பிட்டுவிட்டார். மெட்ராஸில் இருந்து புதுக் கதை வந்திருக்கிறது. இப்போது அதில் அம்மன் உண்டு. மஞ்சள் பூசாதீர் என்று அம்மன் சொல்வதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். மேட்டுக்களத்துச் செய்தி எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. யார் போனது, எப்படிப் போனது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் தங்களுக்கும் பங்கு வந்துவிடும் அல்லவா. நாங்கள் முன்னால் ஆடின ஊருக்கெல்லாம் திரும்பப் போகிறோம். கன்னிவாடியில் என் காலடியில் போட்ட அந்தப் பிள்ளை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதை நினைத்தால் பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம்போல இருக்கிறது. ஆனாலும் போவேன்.

நீ கேட்டதற்குப் பதில். என் கையிலும் ஒரு முத்து வந்திருக்கிறது, அரிக்கிறது. அதற்குப் பக்கத்தில் மணிக்கட்டில் நம் பிள்ளையின் பல் பதிந்த இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. இமைக்கவில்லை என்றாய். இமைத்தால் கண்ணீர் விழுந்துவிடும், மஞ்சள் கரைந்து நான் தெரிந்துவிடுவேன் என்றுதான் இமைக்கவில்லை. தொண்டை வறண்டுபோனதில்தான் குரல் அப்படி ஆனது. திரும்பிப் பார்க்காமல் போனது எல்லையைத் தாண்டி வாந்தி எடுக்கத்தான், வாத்தியாரைக் கேட்டுப் பார். ஆத்தாவுக்குக் கடித்தால் வலிக்காது அக்கா. எனக்கு வலித்தது.

கல் நட்டால் நடட்டும், தடுக்காதே. அந்தக் கல்லுக்குப் பயந்தாவது அடுத்த வருஷம் குத்திக்கொள்வார்கள். ஊரில் யாரிடமும் சொல்லாதே. சின்னக்கண்ணிடம் மட்டும் சொல். இன்று ராத்திரி அவள் பயந்து எழுந்து உட்கார்ந்தால், மடியில் போட்டுக்கொண்டு காதுக்குள் சொல்: அது உன் அம்மாதான், அவள் உன்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டுதான் அங்கே நின்றாள் என்று.

பொன்னழகு